தொண்ணூற்றெட்டுப் புள்ளி ஏழு

பர்னு துறைமுகத்தில், மீன் கிடங்கில்
எனக்கு இரவுக் காவல்.
வீட்டில் ஃபிரிட்ஜின் மேல்
மூடி பெயர்ந்த கணினி ஒன்று அணையாமல் கிடக்கிறது.
பதினான்கு மாதமாக ஒரே படத்தை இறக்குகிறது.
98.7.
அதற்குமேல் ஒரு பொட்டும் நகரவில்லை.

சாரெமா தீவுக்குப் போகும் படகைப் பற்றிய படம்.
எழுபத்தெட்டில் யாரோ எடுத்தது, ஐம்பத்திரண்டு நிமிடம்,
எந்தக் கொட்டகையும் கண்டதில்லை.
டேப்பிலிருந்து எடுத்து ஏற்றியவன் ஏரிக்.
முழுசாக வைத்திருந்தவனும் அவன் ஒருவன்தான்.
ஒரு காலை பட்டியலில் அவன் இல்லை.
சாவோ, கல்யாணமோ, வேறு இன்டர்நெட் கம்பெனியோ,
யார் கண்டது.

டோரண்ட் என்பது இவ்வளவுதான்:
படத்தை ஆயிரத்து நானூறு துண்டாக நறுக்கி
ஒவ்வொரு துண்டுக்கும் கைரேகை எடுத்து வைப்பது.
ஒன்றை வாங்கிக்கொண்டே
இன்னொருவருக்கு இன்னொன்றை நீட்டுவது.
வரிசை கிடையாது.
எது அரிதோ அது முதலில்.

டிராக்கர் சமைக்காது, பரிமாறாது.
பந்தல் வாசலில் மொய் நோட்டோடு உட்கார்ந்திருக்கும்.
யார் வந்தது, யார் போனது,
எவ்வளவு தின்றது, எவ்வளவு வைத்தது.
தின்றதில் பாதியாவது திருப்பி வைக்காதவருக்கு
மஞ்சள் முக்கோணம்,
அப்புறம் வாசல்.
எங்கள் நோட்டு கவுப்போவின் கையில்.
நல்லவன். கூட்டலில் தப்பே வராது.

மிச்சம் ஒன்பது பேர்.
கவுனஸில் வைவா, தாம்பெரேயில் தோர்ஸ்தி,
பெயருக்குப் பதில் எண்ணாக இருக்கும் ஆறு பேர், நான்.
எல்லோரிடமும் அதே துண்டுகள்,
எல்லோருக்கும் அதே பதினெட்டு ஓட்டை.
ஒன்றையொன்று பார்த்துத் திறந்திருக்கும்
ஒன்பது பொக்கை வாய்.

பெரும்பாலும் நாற்பத்தோராம் நிமிடம்.
படகுக்காரன் கீழறைக் கதவில் கை வைப்பான்,
பச்சைக் கட்டங்கள்,
அப்புறம் மேசையில் உட்கார்ந்து சூப் குடிப்பான்.
பிணம் என்றாள் வைவா.
பெண் என்றான் தோர்ஸ்தி.
கள்ளச் சாராயம் என்று நான் பந்தயம் கட்டியிருந்தேன்.

நவம்பரில் ஒரு நள்ளிரவு
ரைம்_42 என்று பத்தாவதாக ஒரு பெயர்.
ரைம் என்றால் இங்கே ஒரு பொடிமீன்.
இரண்டு சதவீதம்.
பெயருக்குப் பக்கத்தில் மஞ்சள் முக்கோணம்.
பார்த்துவிட்டு கையுறையை மாட்டிக்கொண்டு கிளம்பினேன்.

கிடங்கு வாசலில் போன் அதிர்ந்தது.
98.8.
ஏரிக் மறைந்த அன்று
அவன் கையிலிருந்து கடைசியாக வாங்கியவள் அவள்.
கைமாற்றுவதற்குள் மடிக்கணினியை மூடியிருக்கிறாள்.
அவளிடமிருந்து நான், என்னிடமிருந்து வைவா,
வைவாவிடமிருந்து ஒரு எண்.
நூறு.

யார் நீ என்று எழுதினேன்.
"வரி ரசீது தேடி பழைய லேப்டாப்பைத் திறந்தேன்.
ஏன் இது இவ்வளவு சத்தம் போடுகிறது?"
பதினோராம் நிமிடம் போய்விட்டாள்.

அதற்குள் நன்றி தாங்காமல்
ஒன்பது பேரும் அவளுக்கு ஊட்டியிருந்தோம்,
அறுபத்தொரு சதவீதம் வரை.
ஒவ்வொரு கவளமும் அவள் பெயரில் கடனாக ஏறியது.
தந்தது ஒன்பது எம்.பி.
தின்றது, பழைய பாக்கியோடு, நாற்பது ஜி.பி.

கவுப்போவுக்கு எழுதிப் பார்த்தேன்.
நோட்டில் எடைக்குத்தான் கட்டம் உண்டு என்றான்,
என்ன கொடுத்தாள் என்பதற்கு இல்லை.
டிசம்பர் ஒன்றாம் தேதி
அவள் பெயர்மேல் கோடு.

கதவைத் திறக்கிறான் படகுக்காரன்.
உள்ளே எட்டிப் பார்க்கிறான்.
"இல்லை" என்கிறான் யாரிடமோ.
சாத்துகிறான்.

ஒன்பது பேரும் இப்போது முழுசாகக் கொடுத்துக்கொண்டிருக்கிறோம்.
கேட்க ஆளில்லை.
மின்கட்டணம் மாதம் நாலு யூரோ கூட வருகிறது.
ஊரில் எங்கோ ஒரு மேசை டிராயரில்
மூடிக் கிடக்கும் அறுபத்தொன்றில்
அந்தக் கதவும் இருக்கிறது.