இருபத்தெட்டு நொடி

மெயின் அவென்யூ பாலம்
என் பழைய கொரோல்லாவில் இருபத்தெட்டு நொடி.
இக்கரை மூர்ஹெட், மினசோட்டா.
அக்கரை ஃபார்கோ, வடக்கு டகோட்டா.
கீழே ரெட் ரிவர்,
மற்ற ஆறெல்லாம் தெற்கே போனால் போகட்டும் என்று
வடக்கே போகும் வீம்புக்காரி.

இக்கரையில் பெட்ரோல் போட இறங்கினால்
முகக்கவசம் சட்டம்.
அக்கரையில் அதே கம்பெனி, அதே காப்பி,
முகக்கவசம் அவரவர் விருப்பம்.
பாலத்தின் நடுவில்
ஒரு கையால் ஸ்டியரிங்கைப் பிடித்து
மறு கையால் காதுக் கயிற்றை அவிழ்ப்பவர்களைப்
பக்கக் கண்ணாடியில் பார்த்திருக்கிறேன்.
கோயில் வாசலில் செருப்பைக் கழற்றுகிற சகஜம்.

ஊர் இரண்டுபட்டால் யாருக்குக் கொண்டாட்டம் என்று
எல்லோருக்கும் தெரியும்.
இந்தக் கூத்தாடி அரிதாரம் பூசுவதில்லை.
லைல் ட்வைட்டின் நுரையீரலில்
கண்ணாடித்தூள் கொட்டிய மாதிரி
எக்ஸ்ரேயில் வெள்ளையாக உட்கார்ந்திருக்கிறான்.

லைல், ஏழாம் அறை, அறுபத்தொரு வயது,
பீட் கிழங்கு லாரி ஓட்டுபவர்.
அறுவடை மாதம். இரவெல்லாம் ஆலைக்கு முன்னால்
கிழங்கு மலை வளர்ந்துகொண்டிருந்தது.
ஊர் முழுக்க மண்ணும் சர்க்கரையும் புளித்த வாடை.
அவருக்கு மட்டும் வாடை தெரியவில்லை.
அதைத்தான் முதலில் சொன்னார், ஒரு ஜோக் போல.

நான் மூச்சுக் கருவிக்காரி.
ஆக்ஸிஜனைத் திருகுவது என் வேலை.
அறுபது. எண்பது. நூறு.
நூறுக்கு மேல் அந்தத் திருகில் எண் இல்லை.

"இதை நிமோனியா என்றே எழுதிக்கொள்" என்றார்
குழாய் போடுமுன்.
"அவர்களுடைய எண்ணிக்கையைக் கூட்ட
நான் ஆளில்லை."
யார் அவர்கள் என்று நான் கேட்கவில்லை.
அக்கரைக்கு இக்கரை அவர்கள்.
இக்கரைக்கு அக்கரை.

அவர் மனைவி ஆர்லீன் மூர்ஹெட்டில்.
பாலத்தைத் தாண்டலாம்,
ஆஸ்பத்திரி வாசலைத் தாண்டக் கூடாது.
தனியாக நின்ற தன் சமையலறையில்
முகக்கவசத்தோடு டேப்லெட்டில் பேசினாள்.
நர்ஸ் ஹோதன் அதைப் பிடித்துக்கொண்டிருந்தாள்,
நாற்பது நிமிடம், கை மாற்றாமல்.

நவம்பர் முதல் வாரம் படுக்கை தீர்ந்தது.
அப்போது பார்க்க வேண்டுமே
அக்கரையின் போன் இக்கரைக்கு அடித்ததை!
இருக்கிறதா, ஒன்றே ஒன்று,
வராந்தாவில் என்றாலும் பரவாயில்லை.
படுக்கை கேட்கும்போது மட்டும்
இரண்டும் ஒரே ஊர்.

ஹோதன் போனை வைத்துவிட்டு
சோமாலியில் ஒரு சொல் சொன்னாள்.
அர்த்தம் கேட்கவில்லை.
தமிழில் அதற்கு ஆறேழு உண்டு.

கோபத்தோடு வீட்டுக்குக் கிளம்பிய காலை
என்னைப் பற்றியும் சொல்ல வேண்டும்.
அக்கரைக் கடையில் காப்பிக்கு நின்றேன்.
பதினோரு பேர். பதினோரு வாய், மூக்கு.
எல்லோரும் என்னைப் பார்த்தார்கள்,
கல்யாண வீட்டுக்கு
வெள்ளைச் சேலையில் வந்தவளைப் பார்ப்பதுபோல.
நான் கயிற்றை அவிழ்த்தேன்.
நான்.
லைலின் திருகை நூறில் விட்டுவிட்டு வந்த கையால்.
நாற்பது நொடி இருக்கும்.
காப்பி சூடாகத்தான் இருந்தது.

நவம்பர் நடுவில் அக்கரைக்கும் சட்டம் வந்தது.
அறிவித்த இரவு ஏழாம் அறையில்
லைலுக்குப் பின் மூன்றாவது ஆள்.
ஆர்லீன் ஒருமுறை போன் செய்தாள்.
வேறு எதையோ கேட்க வாயெடுத்து
லாரிச் சாவி எங்கே என்று கேட்டாள்.
தேடிச் சொல்கிறேன் என்றேன்.

டிசம்பரில் ஆறு உறைந்தது.
இனி பாலமே வேண்டாம், நடந்தே போகலாம் என்றார்கள்.
நடுவில் கோடு ஏதும் தெரிகிறதா என்று
இறங்கிப் பார்க்க நினைத்தேன் ஒரு விடியலில்.
பன்னிரண்டு மணி நேர ஷிப்ட் முடிந்திருந்தது.
பார்க்கவில்லை.
இருபத்தெட்டு நொடி.