இருப்பினும்

டெமா துறைமுகத்துக்கு ட்ரோட்ரோ வண்டியில் முக்கால் மணி நேரம்.
செலோர்ம் மடியில் ஜிமேட் புத்தகம்.
பவளப்பாறைகள் பற்றிய அதே பத்தி,
நான்காம் முறை.

எல்லாச் சொல்லும் தெரியும்.
விடைதான் தப்பு.
'நீ நினைப்பதை இல்லை, எழுதியிருப்பதைப் படி'
என்று ஓரத்தில் பென்சிலால்
தன்னையே திட்டியிருந்தாள்.
அதற்குக் கீழே:
முதல் வரி வெறும் மரியாதை.
'இருப்பினும்' வந்தால் நில்.

அலுவலகத்தில் சுற்றறிக்கை.
உங்கள் உழைப்பை நிறுவனம் பெரிதும் மதிக்கிறது.
இருப்பினும், மாறிவரும் சூழலில்

பென்சில் தானாக வட்டமிட்டது.

"பாராட்டியிருக்காங்க, பாத்தியா?"
பக்கத்து மேசையில் தெட்டே
மேலிருந்து கீழாக மறுபடி வாசித்தான், சத்தமாக.

பத்தியில் சொல்லாமல் சொல்லப்பட்டது எது?
விடைப்பக்கம் புரட்ட
அவசியமிருக்கவில்லை.

தேநீர்க் கோப்பையைக் கழுவி, ஈரத்தோடு
பைக்குள் வைத்தாள்,
புத்தகத்தின்மேல் படாமல்.