காரோவுக்கு ஏழு மூச்சு

முதலில் முடி உருண்டை என்றுதான் நினைத்தோம்.
வயிற்றைத் தரையோடு ஒட்டி
கழுத்தை முன்னே நீட்டி
யாரோ கூப்பிட்டதுபோல் எங்கோ பார்த்தபடி
கக் கக்கென்று இழுக்கும்.
ஒன்றும் வெளியே வராது.
எதையோ விழுங்கிக்கொண்டு
நடந்தது நமக்குள் இருக்கட்டும் என்பதுபோல்
சோபாவுக்கு அடியில் போய்விடும்.

முடி இறங்க ஒரு பசை விற்கிறார்கள்.
ஒரு குளிர்காலம் முழுக்க அதைத்தான் கொடுத்தேன்.
சொல்ல இன்னும் கூச்சமாக இருக்கிறது.

சரயேவோவில் டிசம்பர் வந்தால்
காற்று எங்கும் போவதில்லை.
சுற்றிலும் மலை, மேலே மூடியாய்ப் பனிமூட்டம்,
உள்ளே அத்தனை வீட்டுக் கணப்பின் புகையும்.
பால்கனியில் காயப்போட்ட தலையணை உறை
நிலக்கரி வாசத்தோடு உள்ளே வரும்.
அப்படியொரு நாளில் கிடைத்த குட்டி.
காரோ என்றான் மிர்சாத்.
கறுத்த பிராணிகளுக்கு எங்கள் ஊரில் வைக்கும் பேர்தான்;
கரி படிந்தவன் என்று அர்த்தம்.
பேரை மாற்றிவிடலாமா என்று
பிற்பாடு பல இரவு யோசித்தேன்.

டாக்டர் ஜெனிதா எக்ஸ்ரேயை வெளிச்சத்தில் மாட்டினாள்.
"இந்த இரட்டைக் கோடுகள்,
தடித்துப்போன மூச்சுக்குழாய்ச் சுவர்கள்.
ட்ராம் தண்டவாளம் என்போம்."

முப்பத்தொரு வருஷம்
மூன்றாம் நம்பர் ட்ராம் ஓட்டியவன்
எழுந்துபோய்ப் படத்தருகே நின்றான்.
மூட்டத்தில் பாதை தேடும் அதே கண்.
"வீட்டில் புகைப்பது யார்?" என்றாள் அவள்,
எங்கள் இருவரையும் பார்க்காமல்.

அன்றிலிருந்து நான்கு மாடி இறங்கி
குப்பைத்தொட்டிகளுக்குப் பக்கத்தில் நின்று பிடிக்கிறான்.
மைனஸ் ஒன்பதிலும். வீட்டுச் செருப்போடு.
என் இருமலுக்கு
இருபத்தாறு வருஷம் ஜன்னலை மட்டும் திறந்தவன்.
நான் ஒரு வார்த்தை சொல்லவில்லை.
ஒருநாள் மூச்சிரைக்கப் படியேறி வந்து
"பூனை நாலு கிலோதானே" என்றான்
நான் கேட்டதுபோல.

முகமூடியைப் பழக்கப் பதினோரு நாள்.
விளிம்பில் மீன் எண்ணெய் தடவி
முகர விட்டு, எடுத்து,
மறுபடி முகர விட்டு.
மருந்தின் சீறல் அதற்குப் பாம்பு;
அதனால் தள்ளி நின்று அழுத்தி
பிறகுதான் மூக்கருகே கொண்டுபோக வேண்டும்.
குழாயின் சின்ன வால்வு துடிக்கும்.
ஒன்று, இரண்டு... ஏழுவரை.
ஐந்தில் தலையைத் திருப்பினால்
அந்த நாள் முழுக்க எனக்கு ஐந்துதான்.

பிப்ரவரியில் ஓர் இரவு
வாயைத் திறந்து மூச்சு விட்டது.
நாய்தான் அப்படி விடும்; பூனை விடக்கூடாது.
ஈறு ஊதா.
நீல நிறக் குப்பியை நான் உலுக்க
மிர்சாத் சமையலறைத் தரையில் மண்டியிட்டு
டிப்போவில் கொடுத்த பழைய கடிகாரத்தோடு
விலா ஏறி இறங்குவதை எண்ணினான்.
பதினைந்து விநாடி, நாலால் பெருக்கு.
அறுபத்து நாலு.
ஐம்பத்தாறு.
டாக்ஸிக்காரன் கீழே ஹாரன் அடிக்கும்போது
நாற்பத்து நாலு.
ஆனாலும் போனோம்.

இப்போது தேவலை.
மணலை மாற்றிவிட்டோம், தூசி எழாத வகை.
கம்பளத்தைத் தங்கை ஸெஹ்ரா எடுத்துப்போனாள்.
காரோ மறுபடி ஃப்ரிட்ஜ்மேல் ஏறி
எங்களை வேலைக்காரர்களாகப் பார்க்கிறது.

தூங்கும்போது எண்ணி எழுதும் நோட்டு
மிர்சாத்தின் பொறுப்பு.
நேற்றுப் பேனா தேடும்போது பிரித்தேன்.
தேதி. நேரம். மூச்சு: இருபத்தாறு, இருபத்து நாலு.
ஓரமாக இன்னொரு வரிசை, தலைப்பில்லாமல்:
பதினாலு. பதிமூன்று. பதினாலு.
ஒரு இடத்தில் பத்தொன்பது,
பக்கத்தில் 'இருமினாள்'.

நோட்டை இருந்த இடத்திலேயே வைத்தேன்.
இரவு விளக்கணைந்து கொஞ்ச நேரத்தில்
கடிகாரத்தை அவன் திருப்பும் சத்தம் கேட்டது.
கணக்குத் தவறிவிடக் கூடாதென்று
கண்ணை மூடிக்கொண்டு
ஒழுங்காக மூச்சு விட்டேன்.