ஜனவரியின் கை

லெஷெக்கைப் புதைத்துவிட்டு வந்தோம்.
பக்கத்துக் குழிக்காக ஓர் இயந்திரம்
உறைந்த மண்ணை இடித்துக்கொண்டிருந்தது, பிரார்த்தனை முழுக்க.
"தாளம் தப்புது" என்றான் யூஜின்.
இறந்தவன் டிரம்மர்.
சிரிக்கலாமா என்று மற்றவர்கள் பாதிரியாரைப் பார்த்தார்கள்.
நான் சிரித்துவிட்டேன்.

ஹாம்ட்ராம்க், போலிஷ் சங்கக் கூடம்.
பியரோகித் தட்டு இரண்டாம் சுற்று வருமுன்
சண்டை தொடங்கிவிட்டது:
அறுபதுகளில் யார் முதல்?
பந்திக்கு முந்து என்பார்கள்,
இவர்கள் பந்தியில் உட்கார்ந்துகொண்டு முந்துகிறார்கள்.

டெல்பர்ட், வயண்டாட் சிக்ஸில் பாடியவன்
(அதில் ஐந்து பேர்தான் இருந்தார்கள்).
மூன்று கார்டு, இரண்டரை நிமிடம், ஒரு கெட்ட வார்த்தை.
"பத்து வருஷம் கழித்து லண்டன் பையன்கள்
காதில் ஊக்கைக் குத்திக்கொண்டு செய்ததை
நாங்கள் பள்ளிக்கூட ஜிம்மில் செய்தோம்"
என்று முள்கரண்டியால் மேசையைத் தட்டுகிறான்.

எங்கள் குழு மஃப்ளர்ஸ்.
கழுத்தில் சுற்றுவது இல்லை,
காருக்கடியில் தொங்கி இரைச்சலை விழுங்கும் குழாய்.
டாட்ஜ் ஆலையில் பகலெல்லாம் யூஜின் அதைப் பொருத்துவான்.
இரவில் கழற்றுவோம்.

"வேகமாக எவனும் வாசிப்பான்" என்கிறான் யூஜின்.
"மாடிப்படியில் பியானோவை இறக்குகிற மாதிரி
நின்று, மூச்சு வாங்கி,
அடுத்த படி.
அதை வாசித்தது நாங்கள்.
ராக்கை உருக்கி மெட்டல் ஊற்றியது
என் கிட்டார், தெரியுமா?
ஆதாரம் இருக்கிறது."

பிள்ளை பிறந்து, வளர்ந்து, வீட்டைவிட்டு ஓடி,
அதற்கும் தலை நரைத்த பிறகு
ஜாதகம் கணிக்கிறார்கள் இரண்டு பேர்.
ஒருவனுக்கு இடது காது கேட்காது.
மற்றவனுக்கு இரண்டும்.

ஆதாரம் ஒரு டேப் பெட்டி.
அதைப் பார்க்க ஒசாகாவிலிருந்து ஒருவர் வந்தார்,
கொலோனிலிருந்து ஒருவர்.
கொலோன்காரர் வெள்ளைக் கையுறை மாட்டிக்கொண்டு திறந்தார்.
மூடியில் நீல மை: ஜனவரி 9, 1967.
அறுபத்தேழு என்றால் யூஜின் ஓர் ஆரம்பம்.
அறுபத்தெட்டு என்றால்
வரிசையில் நிற்கும் இன்னொரு ஆள்.

அந்தக் கையெழுத்து என்னுடையது.
ஆர்லீன் ஸ்க்ரோபா, ஆர்கன்.
புகைப்படத்தில் யூஜினின் முழங்கைக்குப் பின்னால்
தெரிகிற அரை நெற்றி.

ஜனவரியில் எல்லோருக்கும் நடப்பதுதான்.
வாடகைக் காசோலையில், பால்காரன் சீட்டில்
கை பழைய வருஷத்தையே எழுதும்.
புது வருஷம் விரல்வரை வந்துசேர
மூன்று வாரம் ஆகும்.
அறுபத்தேழு ஜூலையில் டெட்ராய்ட் எரிந்தது.
அந்தப் புகை அடங்கிய பிறகுதானே
பழைய டிரம்மர் ஊரைவிட்டுப் போனான்,
லெஷெக் வந்தான்?
டேப்பில் இருப்பது லெஷெக்.

யூஜினுக்கு இது தெரியாமலா இருக்கும்.
தெரியாத இடத்தில் அதை வைத்திருக்கிறான்,
அவ்வளவுதான்.

"ஆர்லீன், நீ சொல்" என்கிறான் டெல்பர்ட்.
"தேதி சரிதானா?"
மேசை முழுக்க என் பக்கம் திரும்புகிறது,
ஐம்பத்துச் சொச்சம் வருஷத்தில் முதல்முறையாக.
யூஜின் மட்டும் குதிரைமுள்ளங்கித் துவையலைப்
பார்த்துக்கொண்டிருக்கிறான்.

"அன்று ஹீட்டர் ஓடவில்லை" என்றேன்.
"லெஷெக் கம்பளிக் கையுறையோடு வாசித்தான்.
குச்சி வழுக்கியது.
அவனுக்காக எல்லோரும் காத்திருந்தோம்,
ஒவ்வோர் அடிக்கும்."

"அதனால்?"

"அதனால் மெதுவாக இருந்தது."

இது யாருக்குச் சாதகம் என்று
இருவருக்கும் புரியவில்லை.
முட்டைக்கோஸ் சூப் வந்தது.
டெல்பர்ட் மறுபடி லண்டனில் ஆரம்பித்தான்.

கோட்டை எடுக்கப் போனபோது
வாசலில் இரங்கல் புத்தகம் திறந்திருந்தது.
காலையில் வந்ததும் கையெழுத்துப் போட்டிருந்தேன்,
தேதியோடு.
இன்றும் ஜனவரி.
நான் எழுதிய வருஷத்தில்
லெஷெக் உயிரோடு இருக்கிறான்,
முழங்கால் வலிக்கிறது என்று போனில் புலம்பிக்கொண்டு.

பேனா அங்கேயே கயிற்றில் தொங்கியது.
திருத்தவில்லை.