இடது மவுண்ட்

வியாசர்பாடி தொழிற்பேட்டையில்
பர்வீனின் மேசைமேல் பரப்பி வைத்தோம்
கழற்றிய மூன்றையும்.
எஞ்சினுக்கு இரண்டு, கியர்பாக்ஸுக்கு ஒன்று.
ஐம்பத்தைந்து வருஷம் எண்ணெய் குடித்து
அல்வாப் பதத்துக்கு வந்திருந்தது ரப்பர்.
இடது பக்கத்துக்காரன் மட்டும்
இரும்பை விட்டுக் கிழிந்து
வாய் பிளந்து கிடந்தான்.

"ஓட்டவா, காட்டவா?" என்றாள் பர்வீன்.

ஜூடுக்குச் சுருக்கென்றது.
ஆளுக்குப் பாதி போட்டு வாங்கிய கார்.
சிவப்பு டிரையம்ஃப், இரண்டே சீட்டு, கூரை கிடையாது.
சோழவரம் ரேஸில் ஓடியதாக விற்றவன் சொன்னான்.
விற்கிறவன் சொல்வான்தான்.

போன மாதம் ஜூட்
கஸ்டம்ஸ் கட்டி ஒரு செட் வரவழைத்திருந்தான்,
மஞ்சள் பாலியூரித்தேன்.
பார்வைக்கு மிட்டாய், அழுத்தினால் கல்.
மாட்டினோம்.
ஆக்ஸிலேட்டரைத் தொட்ட மாத்திரத்தில்
வண்டி பதில் சொன்னது, பொய் சொல்லக் கூடாது.
கூடவே டேஷ்போர்டும் சொன்னது,
கதவு சொன்னது,
என் கடைவாய்ப் பல் சொன்னது.
திருவொற்றியூர் நெடுஞ்சாலையில்
பின்னால் வந்த கண்டெய்னர் லாரி
கண்ணாடியில் இரண்டு லாரியாக வந்தது.
எண்ணூர் போய்ச் சேர்வதற்குள்
பின்விளக்கின் இழை அறுந்தது.

"இப்பத்தாண்டா எஞ்சின் பேசுது" என்றான்.

பேசட்டும்.
நான் துறைமுகத்தில் கிரேன் ஓட்டுகிறவன்.
எட்டு மணி நேரம், அறுபதடி உயரத்தில்,
இரும்பு என்னோடு பேசிக்கொண்டே இருக்கிறது.
வீட்டுக்கு வந்து படுத்த பிறகும்
கட்டில் ஐடிலிங்கில் ஓடுகிறது.
சம்பளத்துக்கு நடுங்குகிறேன், சரி.
காசு கொடுத்தும் நடுங்கணுமா?

இதை நான் ஜூடிடம் சொல்லவில்லை.
"ஒரிஜினல் ரப்பர்தானே, அதையே போடலாம்" என்றேன்.

பர்வீன் எங்களைப் பார்க்கவே இல்லை.
கட்டைவிரல் நகத்தால் அழுத்தி அழுத்தி
ஐம்பது, அறுபது, எழுபது என்று
ரப்பர்களைப் பிரித்து வைத்தாள்.
மீட்டர் டிராயரிலேயே இருந்தது.
அப்புறம் கிழிந்தவனைக் கையில் எடுத்தாள்.
"எஞ்சின் முறுக்குறப்ப
வலது நசுங்குது, இடது இழுபடுது.
எவ்ளோ நசுக்கினாலும் ரப்பர் தாங்கும்.
இழுத்தா பிச்சிக்கும்.
எவனோ ரெண்டுக்கும் ஒரே நம்பர் குடுத்து வெச்சிக்கீறான்."

எஞ்சினுக்கு அறுபது.
கியர்பாக்ஸுக்கு ஐம்பது போதும்.
இடது பக்கம் மட்டும், சேஸிஸிலிருந்து,
காசிமேட்டில் படகுக்காரர் வாங்கும்
சங்கிலி ஒரு முழம்.
"டைட்டா கட்டாதீங்க.
சும்மா நிக்கறப்போ தொளதொளன்னு கெடக்கணும்.
மீறி எழும்பினா மட்டும் புடிக்கணும்."

மூன்றுக்கும் இரண்டாயிரத்து நானூறு.
செவ்வாய்க்கிழமை வரச் சொன்னாள்.
வேகணுமாம்.
உள்ளே அச்சு திறந்தபோது
கந்தக வாசனையில் ஜூட் தும்மினான்.
மஞ்சள் கற்களைப் பேன்ட் பையில் போட்டுக்கொண்டான்,
என்றைக்காவது ஆகும் என்கிற மாதிரி.

புதன்கிழமை, கொருக்குப்பேட்டை கேட்.
மூடியிருந்தார்கள்.
எஞ்சினை அணைக்காமல் நின்றோம்.
சங்கிலி தொளதொளவென்று கிடந்தது,
ஜூட் இரண்டு முறை குனிந்து பார்த்துவிட்டான்.
சரக்கு ரயில் வந்தது. ஐம்பது டேங்கர் இருக்கும்.
தரை அதிர்ந்தது, கம்பம் அதிர்ந்தது,
முன்னால் நின்றவரின் டிவிஎஸ்ஸில்
மீன் கூடையின் மூடி தாளம் போட்டது.

ரயில் போய்விட்டது.
கண்ணாடிக்குள் பின்னால் நிற்கிற ஆட்டோ
இன்னும் லேசாக நடுங்கிக்கொண்டிருந்தது.

"மவுண்ட்டா?" என்றான் ஜூட்.

கண்ணாடியைத் திருப்பிக்கொண்டிருந்த
என் கையை எடுத்தேன்.

நின்றுவிட்டது.

ஜூட் ஒன்றும் சொல்லவில்லை.
கேட் தூக்குகிறவரை
என் கையையே பார்த்துக்கொண்டிருந்தான்.
பிறகு கதவைத் திறந்து, சுற்றி வந்து,
"தள்ளு, நான் ஓட்டறேன்" என்றான்.
முதல் கியரில், மெதுவாக,
தண்டவாளத்தைத் தாண்டினான்.