படிவத்தில் இல்லாதது

சாம்பி செத்தது வைகாசியில்.
மூன்று மாதம் தின்றாள், அசைபோட்டாள்,
ஆனாலும் வற்றினாள்.
கடைசி வாரம் சுவரில் நெற்றியை முட்டுக்கொடுத்து
நின்றது நின்றபடி.
வட்டவடை டாக்டர் ஈரலை அறுத்துப் பார்த்துவிட்டு
மேய்ச்சலில் கிலுகிலுப்பை உண்டோ என்றார்.

உண்டு.
பட்டாணிப் பூப்போல, மஞ்சள்,
தண்டின் கீழிருந்து மேலாக ஏறிப் பூக்கும்.
நெற்று காய்ந்தால் விதை உள்ளே கழன்று
முழங்கால் பட்டாலே கிலுகிலுக்கும்.
பிடுங்கியிருக்கிறேன். எரித்தும் இருக்கிறேன்.
அடுத்த மழைக்கு அதே அடிக்கட்டையில்
இரண்டு தண்டு இருந்த இடத்தில் ஏழு.

நஷ்டஈட்டுப் படிவத்தில்
யானைக்குக் கட்டம், புலிக்குக் கட்டம்,
காட்டுப்பன்றிக்குக்கூட ஒன்று.
"இதுவும் காட்டில் உள்ளதுதானே கொன்றது?"
பினோஜ் சார் பேனா மூடியைக் கடித்தார்.
"அது ஓடி வந்து கடிச்சில்லல்லோ, வெள்ளைத்தாயீ."
பதிலுக்கு வேலை கொடுத்தார்:
பாம்பாடும் சோலை ஓரம் தீத்தடுப்புக் கோடு,
ஆறு மீட்டர் அகலம், தை முழுக்க.
கூலி மார்ச்சில் வருமாம்.

பதினோராம் நாள்
கோட்டுக்கு நடுவில் அது நின்றது.
அரிவாளை ஓங்கியபோது எனக்காகவே ஒலித்தது.
சும்மா சொல்கிறேன், காற்று.
வெட்டினேன்.
தேவைக்கு மேல் நாலு வெட்டு.
வேரைத் தோண்டச் சொல்லி யாரும் சொல்லவில்லை,
கூலியும் அதற்கில்லை.

மறுநாள் மதியம் தூக்குவாளியைத் திறக்கிறேன்,
வெட்டிப்போட்ட குவியல் அசைகிறது.
நாற்பது ஐம்பது பட்டாம்பூச்சி,
கறுப்பில் நீலக் கீறல் போட்டவை.
வாடிய தண்டைக் காலால் சுரண்டிச் சுரண்டி
உறிஞ்சிக்கொண்டிருந்தன.
இரண்டடி தள்ளித் தேனோடு பூத்த புதர்
சீந்துவாரில்லை.

"எல்லாம் ஆணாக்கும்" என்றார் பினோஜ் சார், குரலைத் தாழ்த்தி.
"அந்த விஷத்திலேதான் வாசனை உண்டாக்கும்.
வாசனையில்லாதவனைப் பெண்ணு திரும்பிப் பார்க்காது."

வாசனையாம்.
என் மாட்டின் ஈரலைக் கல்லாக்கியது.
வாயில் சோறோடு சிரிப்பு வந்து புரையேறியது.
கையை வீசினேன், விரட்டத்தான்.
ஒன்றுகூட எழும்பவில்லை,
நான் இல்லாததுபோல.

சாயங்காலம் இறங்கும்போது
சேலைக் கொசுவத்தில் ஒரு நெற்று சிக்கியிருந்தது.
அடிக்கு அடி கிலுகிலு.
கோவிலூர் வரை எடுத்துப் போடவில்லை.
காலித் தொழுவத்தைத் தாண்டும்போது மட்டும்
கையால் பொத்திக்கொண்டேன்.