பேருக்கு ஒரு துணி

டான்காஸ்டர் நிலையம், மூன்றாம் நடைமேடை,
கூரை முடிந்து வானம் தொடங்கும் இடம்.
கூரை முடிந்தால் நிலையமும் முடிந்ததா?
காலை ஒன்பதிலிருந்து இதுதான் வழக்கு.

முடிந்தது என்கிறார் ஹெட்லி, மூக்கை வெளியே விட்டு.
மழை மேலே விழுந்தால் அது வெளி,
வெளியில் எதற்கு முகக்கவசம்?
சீட்டில்லாமல் இங்கே நிற்க விடுவார்களா
என்று மடக்குகிறாள் க்ளெனிஸ்.
விடமாட்டார்கள் என்றால் இது நிலையம்.
மூக்கை உள்ளே போடுங்கள்.

சாப்பிடும்போது கழற்றலாம் என்று
சட்டத்தில் ஓர் ஓட்டை.
பார்ட்லி ஒரே ஒரு சாண்ட்விச்சைப்
பத்தேகாலிலிருந்து சாப்பிட்டுக்கொண்டிருக்கிறார்.

ஆறு பேருக்கு மேல் கூடக் கூடாதென்பது
இந்த வாரத்து விதி.
நாங்கள் ஏழு பேர்.
தீக்குச்சி இழுத்தோம், குட்டைக்குச்சி எனக்கு.
ஆகவே நான் எதிரே, நான்காம் நடைமேடையில்,
நாடு கடத்தப்பட்ட குறுநில மன்னனாக,
மடக்கு நாற்காலியும் தேநீர்க் குடுவையுமாக.
நடுவே தண்டவாளங்கள்.
அவர்கள் பேச்சில் பாதி துணியில் வடிந்துவிடும்,
மீதியில் பாதியைக் காற்று தின்னும்,
எஞ்சியதை நான் ஊகிப்பேன்.

நாங்கள் காத்திருப்பது ஒரு சரக்கு எஞ்சினுக்கு.

ஏப்ரலில் அதற்குப் பெயர் சூட்டு விழா வைத்திருந்தார்கள்.
விழா என்றால் கூட்டம், கூட்டம் என்றால் தடை.
பெயர்ப்பலகையை அதற்குள் பூட்டி முறுக்கியாயிற்று.
திரை விலக்க ஆளில்லை.
இரு பக்கமும் கறுப்பு நாடாவை ஒட்டி
ஓடு என்று அனுப்பிவிட்டார்கள்.
ஆறு மாதமாக அது
பெட்டி பெட்டியாகச் சரக்கை இழுக்கிறது,
வாயில் துணியோடு,
ஊர் உண்டு, பேர் இல்லை.

முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைத்த கதை,
யாருக்கும் தெரியாமலா இருக்கும் என்று கேட்டுப் பார்த்தோம்.
பணிமனையில் ஒருவரும் வாய் திறக்கவில்லை.

பந்தயம் ஒரு பெட்டி இஞ்சி பிஸ்கட்.
ஆற்றின் பெயர்தான், யார்க்ஷயர் ஆறு என்கிறார் ஹெட்லி.
க்ளெனிஸ் நாரை என்று எழுதியிருக்கிறாள், பென்சிலால்.
பார்ட்லியின் அக்கா மருத்துவமனையில் இரவுப் பணி;
அவர் இரண்டு சொல் எழுதி, தாளை மடித்து,
யாருக்கும் காட்டாமல் சட்டைப்பையில் வைத்திருக்கிறார்.
இயந்திரத்துக்குப் பெயர் எதற்கு,
எண் போதும், எண் பல்லிளிக்காது
என்று ஆண்டுக்கணக்காய்ச் சொல்லும் ஒல்லரன்ஷாகூட
ஒரு பெயருக்குக் கையெழுத்துப் போட்டிருக்கிறார்.

பதினொன்று நாற்பது.
தண்டவாளம் முதலில் முனகியது.
பிறகு அது வந்தது, மெதுவாக,
முன்னே ஏதோ சிவப்பு விளக்கு போலும்.
அவர்கள் பக்கம் நாடா பசை மாறாமல் இருந்திருக்க வேண்டும்;
ஆறு தலைகளும் ஒன்றாய்த் தொங்கியதை
பெட்டிகளின் இடுக்கில் பார்த்தேன்.

என் பக்கம்
மழையில் ஊறிய நாடா ஒரு முனையில் கழன்று
படபடவென்று அடித்துக்கொண்டிருந்தது.
அடித்த அடியில்
எழுத்தெழுத்தாய் நான் முழுவதும் படித்துவிட்டேன்.

ஆறில்லை. நாரையில்லை.
ஏதோ ஒரு கிடங்கு நிறுவனம்,
அதன் இருபத்தைந்தாம் ஆண்டு நிறைவு.

கடைசிப் பெட்டியும் போனது.
தெரிந்ததா? தெரிந்ததா?
ஹெட்லி கையைக் குவித்துக் கத்துகிறார்,
மூக்கும் வாயும் வெளியே,
க்ளெனிஸ் அதைக் கவனிக்கக்கூட இல்லை.

தலையை இடமும் வலமும் ஆட்டினேன்.
பொய் சொல்ல இவ்வளவு வசதியான துணியை
இதுவரை நான் கட்டியதில்லை.
உள்ளே அந்தப் பெயர்
என் மூச்சோடு சேர்ந்து வெதுவெதுப்பாய்,
மூக்குக்கண்ணாடியில் ஆவியாய் ஏறியது.

எதிரே பந்தயம் மறுபடி சூடுபிடித்தது.
அடுத்த வியாழன் திரும்ப வருமாம்.
பார்ட்லி சட்டைப்பையைத் தொட்டுப் பார்த்துக்கொண்டு
சாண்ட்விச்சின் கடைசி வாயை
இன்னும் விழுங்காமல் நிற்கிறார்.